வாளியில் சாலை கடக்கும் தேரைகள்: பிரிட்டனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பிரிட்டனில் பிப்ரவரி முடியும் தறுவாயில் ஒரு நாள், இருட்டிய பிறகும் வெப்பம் 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காமல், தரையும் மழையில் நனைந்திருந்தால் அன்றிரவு தேரைகள் கிளம்பும். குளிர்காலம் முழுக்க வேர்ப்பொந்திலும் இலைக்குவியலுக்கு அடியிலும் எலிவளையிலும் அசையாமல் கிடந்தவை அவை. போகுமிடம் குளம். வழியில் எதிர்ப்படும் ஏதோ ஒரு குளத்தில் அவை இறங்கிவிடுவதில்லை. தான் பிறந்த குளம், அல்லது போன ஆண்டு முட்டையிட்ட குளம், அதற்குத்தான் போகும். அந்தக் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியிருந்தாலும் அதே இடத்துக்கு வந்து சுற்றுவதை சுவிட்சர்லாந்தில் ஹான்ஸ் ஹாய்ஸர் 1960-களிலேயே பதிவு செய்திருக்கிறார். இடையில் சாலை குறுக்கிட்டால் சாலையில் ஏறும். கார் வந்தால் அங்கேயே நசுங்கும்.

இந்தச் சாவைக் குறைக்க 1980-களிலிருந்து அங்கே தன்னார்வலர்கள் டார்ச்சும் வாளியுமாகச் சாலையோரத்தில் நிற்கிறார்கள். ‘டோட்ஸ் ஆன் ரோட்ஸ்’ என்ற பெயரில் தொடங்கிய இந்தப் பணியை இப்போது ஃப்ராக்லைஃப் என்ற அறக்கட்டளை ஒருங்கிணைக்கிறது. தூக்கி விடப்பட்ட தேரைகளின் எண்ணிக்கை சுவிட்சர்லாந்தையும் சேர்த்தால் பல லட்சங்களில் போகிறது. இத்தனைக்கும் பிறகு 2016-இல் வெளியான கணக்கு, பிரிட்டனின் தேரைகள் முப்பது ஆண்டுகளில் 68 விழுக்காடு குறைந்துவிட்டதாகச் சொன்னது. காப்பாற்றப்பட்ட இடங்களிலேயே, காப்பாற்றியவர்கள் எழுதி வைத்த நோட்டுகளிலிருந்தே எடுத்த எண் அது. வாளி எதைத் தடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தேரையும் அதன் சுற்றமும்

பேச்சு இங்கே ஐரோப்பியப் பொதுத் தேரையைப் பற்றியது. அறிவியல் பெயர் பூஃபோ பூஃபோ. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் உண்டு, அயர்லாந்தில் கிடையாது. நம் ஊர்க் கொல்லையில் தெரு விளக்கடியில் வந்து உட்கார்ந்து ஈசல் பிடிக்கும் தேரையும் 2006 வரை பூஃபோ பேரினத்தில்தான் இருந்தது. பிறகு துத்தாஃப்ரைனஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். சொறி படர்ந்த வறண்ட தோல், கண்ணுக்குப் பின்னால் புடைத்த நச்சுச் சுரப்பி, தாவாமல் நடக்கிற நடை எல்லாம் ஏறத்தாழ ஒன்றேதான். நம்முடையது மழைக்குக் காத்திருக்கும். அது குளிர் விடக் காத்திருக்கும்.

ஆண் 5 முதல் 8 சென்டிமீட்டர். பெண் 8-இல் தொடங்கி 13 வரை போகும். ஆண் இரண்டு மூன்று ஆண்டுகளில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். பெண்ணுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டும், அதற்குப் பிறகும் எல்லாப் பெண்ணும் ஆண்டுதோறும் முட்டையிடுவதில்லை. உடம்பில் கொழுப்புச் சேர ஓராண்டு இடைவெளி விடுபவை நிறைய. குளத்தில் எப்போது எண்ணினாலும் ஆண்கள் பல மடங்கு அதிகமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். சாலையில் செத்துக் கிடக்கும் ஒரு பெண்ணை ஆணின் கணக்கோடு சேர்த்து ‘ஒன்று’ என்று எழுதக்கூடாது என்பதும் இதிலிருந்தே வருகிறது. அதன் வயிற்றில் 1,500-க்கு மேல் முட்டை இருக்கும். பெரிய பெண்ணானால் பல ஆயிரம்.

தோலின் நஞ்சு பூஃபோடாக்சின் வகையைச் சேர்ந்தது, இதயத்தைத் தாக்கும். வாயில் கவ்விய நாய் நுரை தள்ளிக்கொண்டு கீழே போட்டுவிடும். ஆனாலும் தேரையைத் தின்னப் பழகியவை இருக்கின்றன. புல்பாம்புக்கு இந்த நஞ்சு ஏறுவதில்லை. அதைக் கண்டதும் தேரை காற்றை இழுத்து உடம்பை உப்பவைத்து, நாலு காலையும் விறைத்து நிமிர்த்தி, தலையைத் தாழ்த்தி நிற்கும். விழுங்க முடியாத அளவு பெரிதாகக் காட்டிக்கொள்ளும் தந்திரம். நீர்நாய் தோலை உரித்துப் போட்டுவிட்டுச் சதையை மட்டும் தின்னும். காகம் இன்னும் நுட்பம். 2005 ஏப்ரலில் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரின் ஆல்டோனா பகுதிக் குளம் ஒன்றில் தேரைகள் உப்பி வெடித்துச் செத்தன. கிருமி, பூஞ்சை, நீரில் நஞ்சு என்று பலவும் பேசப்பட்டன. ஃபிராங்க் முட்ஷ்மான் என்ற கால்நடை மருத்துவர் உடல்களை அறுத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றிலும் சிறு துளை ஒன்று இருந்தது, கல்லீரல் இல்லை. காகம் ஒரே கொத்தில் கல்லீரலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. தேரை வழக்கம்போல உப்பியிருக்கிறது. அதற்கு உதரவிதானமும் கிடையாது, விலா எலும்பும் கிடையாது. துளை வழியாக நுரையீரலும் குடலும் வெளியே வந்துவிட்டன. பாம்பிடம் பலிக்கும் தற்காப்பு காகத்திடம் எமனாகிவிட்டது.

கோடையில் இன்னொரு எதிரி ஈ. லூசிலியா பூஃபோனிவோரா என்ற பச்சை ஈ உயிரோடிருக்கும் தேரையின் மேல் முட்டையிடும். புழுக்கள் மூக்குத் துளைக்குள் போய் உள்ளிருந்தே தின்னும். பட்டப்பகலில் திறந்த வெளியில் மூக்கு சிதைந்து அலையும் தேரையைக் கண்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். மருந்து கிடையாது, ஓரிரு நாளில் இறந்துவிடும்.

தேரையின் தீனி எறும்பு, வண்டு, நத்தை, புழு. எது இரை என்பதை அசைவு முடிவு செய்கிறது. ஜெர்மனியில் யோர்க்-பேட்டர் எவர்ட் அட்டைத் துண்டுகளை வைத்துக் காட்டியது இது: நீளமான துண்டு தன் நீள வாக்கிலேயே நகர்ந்தால் தேரை அதைப் புழு என்று பாய்ந்து பிடிக்கும், அதே துண்டைச் செங்குத்தாக நிறுத்தி நகர்த்தினால் சீண்டாது. அசையாத புழு கண் முன்னே கிடந்தாலும் அதற்குத் தீனி இல்லை. கார் விளக்கைக் கண்டு ஓடத் தெரியாததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். தேரைக்கு ஆபத்து என்றால் அசையாமல் நிற்பது, அல்லது உப்புவது. டயருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பட்டினியைத் தாங்குவதில் தேரைக்கு நிகர் குறைவு. கல்லினுள் தேரைக்கும் உணவளிப்பவன் உண்டு என்று நம்மிடம் வழங்குகிற நம்பிக்கை இங்கிலாந்திலும் இருந்தது. அதைச் சோதிக்க ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் பக்லண்ட் 1825-இல் 24 தேரைகளைச் சுண்ணாம்புக்கல்லிலும் மணற்கல்லிலும் குடைந்த அறைகளில் அடைத்து மண்ணில் புதைத்தார். ஓராண்டு கழித்துத் தோண்டியபோது அடர்ந்த மணற்கல்லில் இருந்தவை எல்லாம் செத்திருந்தன. நுண்துளையுள்ள சுண்ணாம்புக்கல்லில் பெரியவை சில உயிரோடிருந்தன. மறுபடி புதைத்ததில் அவையும் செத்தன. கொடூரமான சோதனைதான். காற்றும் சிறு பூச்சியும் கசியும் இடத்தில் மட்டுமே தேரை தாக்குப்பிடிக்கும் என்பது அதில் தெரிந்தது.

குளத்தைப் பொறுத்தவரை தேரை தவளைக்கு எதிர். தவளை ஆழமில்லாத குட்டையில் முட்டைக் குவியலை விடும். தேரை மீன் இருக்கும் பெரிய குளத்தையும் ஏரியையும் தேடும். நீர்ச்செடித் தண்டுகளில் சுற்றிச் சுற்றி இரட்டை வரிசைக் கருமுட்டைகள் கோத்த சரமாக விடும், நீளம் இரண்டு மூன்று மீட்டர் வரை. தலைப்பிரட்டைக்கும் நஞ்சு உண்டு, மீன் வாயில் வாங்கியதும் துப்பிவிடும். மீன், தவளைத் தலைப்பிரட்டைகளைத் தின்று தீர்ப்பதால் போட்டி குறைந்து தேரைக்கே லாபம். தும்பியின் இளம்புழுவும் நீர்வண்டும் அந்த நஞ்சைப் பொருட்படுத்துவதில்லை. இவ்வளவு பெரிய குளங்கள் ஒரு வட்டாரத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதனால்தான் ஒரு கிலோமீட்டர், சில சமயம் அதற்கும் மேலிருந்து தேரைகள் ஒரே புள்ளியை நோக்கி வருகின்றன, ஒரே சாலைத் துண்டில் நூற்றுக்கணக்கில் ஏறுகின்றன.

தார்ச்சாலையில் நடப்பது

சாலை தேரைக்குத் தடையாகத் தோன்றுவதில்லை, அதுதான் சிக்கல். ஆண் தேரைக்குப் பிடித்த இடமே அது. புல்லும் இலையும் இல்லாத சமதளத்தில் முன்னங்கால்களை ஊன்றித் தலையைத் தூக்கி உட்கார்ந்தால் வருகிற பெண்ணை எட்டத்திலிருந்தே பார்க்கலாம். முதலில் ஏறி அக்குளில் பிடித்துக்கொள்கிறவனுக்குக் குளம் வரை சவாரி. ஆகவே ஆண்கள் தாரிலேயே மணிக்கணக்கில் காத்திருக்கின்றன. பெண்ணோ முட்டைப் பாரத்தோடு, முதுகில் ஓர் ஆணையும் சுமந்துகொண்டு, நடந்து கடக்கிறது.

எவ்வளவு போக்குவரத்து போதும்? நெதர்லாந்தில் ஃபான் கெல்டர் 1973-இல் வெளியிட்ட அளவீட்டில், மணிக்குப் பத்து வண்டி போகும் சிறு சாலையிலேயே கடக்க வந்த பெண்களில் சுமார் 30 விழுக்காடு செத்தன. டென்மார்க்கில் ஹெல்ஸும் புக்வால்டும் 2001-இல் கணக்கிட்டது: நாளொன்றுக்கு 3,200 வண்டி ஓடும் சாலையில் நீர்நில வாழ்வி ஒன்று சாவதற்கான வாய்ப்பு, இனத்தைப் பொறுத்து 34 முதல் 61 விழுக்காடு. மோட்டார்வேயில் 89 முதல் 98. அதாவது பெருஞ்சாலையை நடந்து கடப்பது நடக்காத காரியம். அதைவிடக் கவலை தருவது ஆள் நடமாட்டம் குறைந்த கிராமச் சாலைகள்தான், அங்கே சாவு நடப்பதே கண்ணில் படுவதில்லை.

டயர் ஏறவேண்டும் என்றுகூட இல்லை. வேகமாகப் போகும் காரின் அடியில் காற்றழுத்தம் சட்டென்று மாறும்போது தேரையின் உள்ளுறுப்புகள் சிதைகின்றன. மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டினாலே இது நிகழும் என்பது ஜெர்மனியில் டீட்ரிஷ் ஹும்மல் செய்த கணக்கீடு. ‘சக்கரத்துக்கு நடுவில் விட்டு ஓட்டினேன்’ என்கிற நல்ல மனம் படைத்த ஓட்டுநருக்கு இது தெரிய வேண்டும். வேகத்தைக் குறைக்காமல் விலக்கி ஓட்டுவதால் பயனில்லை.

வாளி வேலை

ஃப்ராக்லைஃபிடம் கடவையை, அதாவது தேரைகள் சாலையைக் கடக்கும் இடத்தை, பதிவு செய்வது முதல் வேலை. பதிவான இடங்களில் தேரைப் படம் போட்ட முக்கோண எச்சரிக்கைப் பலகையை உள்ளாட்சி நிர்வாகத்திடம் கேட்டு வாங்கி வைக்கலாம். பலகை மட்டும் வைத்தால் ஓட்டுநர் பழகிப்போய் கவனிக்காமல் விடுவார். வலசை நாட்களில் திறந்து, மற்ற நாட்களில் மூடி வைக்கும்படி செய்வது நல்லது.

இரவில் இருவராகத்தான் போக வேண்டும். ஒளிரும் மேற்சட்டை கட்டாயம். ஒருவர் தேரையைப் பார்க்கும்போது மற்றவர் வண்டியைப் பார்க்க வேண்டும். இந்த வேலையில் ஆபத்து முழுக்கக் குனிந்திருக்கும் ஆளுக்கே. கையுறை ஈரமாக இருக்கட்டும், பவுடர் பூசியது கூடாது. வெறுங்கையானால் சோப்பும் கிரீமும் கொசு மருந்தும் படாத கை. வாளி மூடியுள்ளதாக, அடியில் ஈர இலையோ புல்லோ போட்டதாக இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றுவது புதியவர்கள் செய்யும் தவறு: ஆண்கள் பெண்ணின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக் கொத்தாகிவிடும், அடியில் இருக்கும் பெண் மூழ்கிச் சாகும். குளத்திலும் இது இயற்கையாக நடப்பதுதான். வாளியில் நாமே நடத்திவைக்கத் தேவையில்லை. நிறைய வந்துவிட்டால் வாளியைப் பிரிக்க வேண்டும்.

முன்னங்காலுக்குப் பின்னால், நடு உடம்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினால் ஆண் ‘கீச் கீச்’ என்று விட்டுவிட்டுக் கத்தும். இன்னோர் ஆண் தவறிப் பிடித்துவிட்டால் ‘நான் பெண்ணல்ல, விடு’ என்று சொல்லும் குரல் அது; மனிதக் கைக்கும் அதையே சொல்கிறது. பெண் சத்தம் போடாது. சந்தேகமிருந்தால் டார்ச்சில் முன்கை விரல்களைப் பார்க்கலாம், ஆணுக்கு உள்பக்கம் மூன்று விரலில் கருப்பாகச் சொரசொரப்புத் திட்டு இருக்கும். ஜோடியாக வந்ததைப் பிரிக்கக் கூடாது, அப்படியே தூக்க வேண்டும்.

எந்தப் பக்கம் தலை வைத்து நடந்ததோ அந்தப் பக்கம் கொண்டுபோய் விட வேண்டும். பருவத்தின் பிற்பகுதியில் முட்டையிட்டு முடித்துத் திரும்புகிற பெண் ஒல்லியாக, எதிர்த்திசையில் வரும். அதையும் குளத்துப் பக்கமே கொண்டுபோய் விட்டால் அதே சாலையை இன்னொரு முறை கடக்க வைத்ததாகும். நேராகத் தண்ணீரில் போடாமல், சாலையிலிருந்து சில மீட்டர் தள்ளிச் செடி மறைவில் விட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். ‘இந்தக் குளத்தில் சாலை இல்லை, இங்கே விடலாம்’ என்று வேறு குளத்துக்குக் கொண்டுபோவது இரண்டு வகையில் கெடுதல். தேரை பழைய குளத்தைத் தேடி மறுபடி கிளம்பும். தவளை, தேரைகளைக் கொல்லும் கிட்ரிட் பூஞ்சையும் ரானா வைரசும் கூடவே போகும். இரண்டு கடவைகளில் வேலை செய்கிறவர் நடுவில் பூட்ஸையும் வாளியையும் கிருமிநாசினியில் கழுவிக் காயவைக்க வேண்டும்.

குறிப்பில் ஆண், பெண், ஜோடி, இளசு, செத்தவை என்று தனித்தனியாக எழுத வேண்டும். தேதி, வெப்பம், மழை, எத்தனை பேர் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்பதும் வேண்டும். எண்ணிய பிணத்தை உடனே ஓரத்தில் தள்ளிவிடாவிட்டால் அடுத்த சுற்றில் இன்னொருவர் அதையே எண்ணுவார். ஆள் நேரத்தை எழுதாமல் வெறும் எண்ணிக்கை மட்டும் எழுதுவது இதைவிடப் பெரிய குறை. இரண்டு பேர் நின்ற ஆண்டில் 400, எட்டுப் பேர் நின்ற ஆண்டில் 600 என்றிருந்தால் தேரை கூடிவிட்டதா, ஆள் கூடிவிட்டதா?

சாலையையே அடைத்துவிட முடிந்தால் அதைவிட மேல். இங்கிலாந்தில் பாத் நகரின் வடக்கு ஓரத்திலுள்ள சார்ல்கம் சந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேட்டுத் தோட்டங்களிலிருந்தும் தோப்புகளிலிருந்தும் இறங்கிப் பள்ளத்தாக்கு ஏரிக்குப் போகும் தேரை, தவளை, நியூட் (வாலுள்ள நீர்நில வாழ்வி) எல்லாம் அந்தச் சந்தைக் கடந்தாக வேண்டும். 2003-இல் தன்னார்வக் குழு அமைந்தது. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சில் சுமார் ஆறு வாரம் சந்தை வண்டிகளுக்கு மூடுகிறார்கள். மாற்றுப் பாதை உள்ள சந்து என்பதால் இது முடிகிறது. பேருந்து போகும் சாலையில் இப்படிக் கேட்க முடியாது.

நோட்டுகளைக் கூட்டியபோது

இங்கிலாந்தின் சமவெளியில் தேரை காரணம் தெரியாமல் கணிசமாகக் குறைகிறது என்று கேரியரும் பீபியும் 2003-லேயே எழுதிவிட்டார்கள். அதே இடங்களில் தவளை அப்படிக் குறையவில்லை என்பதால் தேரைக்கு மட்டும் ஏதோ நேர்கிறது என்று தெரிந்தது. 2016-இல் சில்வியு பெட்ரோவனும் பெனெடிக்ட் ஷ்மிட்டும் குறைந்தது ஐந்து ஆண்டு எண்ணிக்கை உள்ள கடவைகளை மட்டும் எடுத்தார்கள்: பிரிட்டனில் 153, சுவிட்சர்லாந்தில் 141. ஆள் எண்ணிக்கையும் வானிலையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதைக் கணக்கில் கொள்ளும் புள்ளியியல் முறையில் போட்டுப் பார்த்தார்கள். 1980-களிலிருந்து ஒவ்வொரு பத்தாண்டிலும் இரு நாட்டிலும் இறக்கம்தான். இன்னும் சற்றுக் குறைந்தால் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலுக்கே தகுதி பெற்றுவிடும் அளவு. எங்கும் காணும் சாதாரண விலங்கைப் பற்றி இப்படிச் சொல்ல நேர்ந்தது. காரணம் எது என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை.

வாளியால் பயன் இல்லை என்று இதைப் படித்தால் தவறு. தூக்கியிராவிட்டால் பல கடவைகளில் இன்று எண்ணுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் வாளி ஆண்டின் சில வாரங்களில், ஒரு திசையில், வளர்ந்த தேரையை மட்டுமே காக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மிச்சமுள்ள மாதங்களில் நடப்பது நோட்டில் இல்லை.

யாரும் நிற்காத மாதங்கள்

திரும்பும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். பெண் முட்டையிட்ட கையோடு குளத்தை விட்டுவிடும். ஆண் வாரக்கணக்கில் தங்கும். வரும்போது சில இரவுகளில் கூட்டமாக வந்தவை, போகும்போது ஏப்ரல், மே என்று சிதறித் தனித்தனியாகப் போகின்றன. இரவுக்கு மூன்று தேரைக்காக யாரும் வாளி தூக்கிக்கொண்டு நிற்பதில்லை. மார்ச்சில் காப்பாற்றிய பெண் மே மாதத்தில் அதே சாலையில் சாகலாம்.

அடுத்தது குஞ்சுகள். தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேற இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஜூன் ஜூலையில் மழை விழுந்ததும் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள குஞ்சுத் தேரைகள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் குளத்தைவிட்டு வெளியேறும், பகலிலும்கூட. அவற்றைக் கையால் பொறுக்க முடியாது. ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. நசுங்கியது ஒரு மணி நேரத்தில் காய்ந்தோ பறவை பொறுக்கியோ மறைந்துவிடும், அதனால் சாவுக் கணக்கிலும் ஏறாது. பெட்ரோவனும் ஷ்மிட்டும் 2019-இல் இதைத் தனியாகவே எழுதினார்கள்: சுரங்கப்பாதையும் வேலியும் வென்றதா என்று அளப்பவர்கள் வளர்ந்தவற்றை மட்டும் எண்ணுகிறார்கள், இளசுகளை மறந்துவிடுகிறார்கள் என்று. ஒரு குளத்துத் தேரைக் கூட்டம் நிலைப்பது, நான்கு ஆண்டு கழித்துத் திரும்பி வரும் புதிய பெண்களால்தான். அவை முதல் கோடையிலேயே தாரில் போய்விட்டால், வாளியில் தூக்கப்படும் கிழட்டுப் பெண்கள் தீரும் வரைதான் நோட்டில் எண் நிற்கும்.

குளிர்காலமும் மாறிவிட்டது. தென் இங்கிலாந்தின் டோர்செட்டில் ஒரே குளத்துத் தேரைகளை 1983 முதல் 2005 வரை தொடர்ந்து அளந்த கிறிஸ்டஃபர் ரீடிங், மிதமான குளிர்காலங்களுக்குப் பிறகு பெண்கள் மெலிந்து வருவதையும், அவற்றில் சாவு கூடுவதையும், முட்டை குறைவதையும் கண்டார். உறைகுளிரில் உடம்பு அணைந்து கிடக்கும். குளிர் விட்டுவிட்டு வந்தால் உடம்பு விழித்துச் சேமித்த கொழுப்பை எரிக்கும், தின்ன வெளியே பூச்சி இருக்காது. வேலிச்செடிகளை வெட்டுவது, தோட்டத்தைக் கல் பாவி மூடுவது, நத்தை மருந்து தூவுவது எல்லாம் இதன் மேல் சேர்கின்றன. தேரை ஆண்டில் பத்து மாதத்துக்கு மேல் இருப்பது குளத்துக்கு வெளியேதான். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பிரிட்டனில் ஹேசல் டார்மவுஸ் என்ற சிறு கொறிவிலங்குக்காக மரத்தில் வைத்த கூட்டுப்பெட்டிகளிலும் வௌவால் தங்கும் மரப்பொந்துகளிலும் தேரைகள் உட்கார்ந்திருந்தன, தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரம் வரைக்கும். தரையில் மட்டுமே தேடியவர்களுக்கு இது தெரியாமலே போயிருந்தது. குளக்கரையை மட்டும் காத்துவிட்டுப் பக்கத்துத் தோப்பை வெட்ட அனுமதிப்பதில் உள்ள பிழை இதில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

வேலி, சுரங்கப்பாதை, சாக்கடை

ஆள் நிற்க முடியாத இடத்தில் வேலி. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பழகிய முறை இது: சாலையோரமாக 40 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு வழவழப்பான தாள், அடி விளிம்பை மண்ணில் புதைப்பது, 10 முதல் 20 மீட்டருக்கு ஒன்றாக வாளியை விளிம்பு தரைமட்டமாக இருக்கும்படிப் பதிப்பது. வேலியோடு நடக்கும் தேரை வாளியில் விழும். விடியுமுன் எடுத்து மறுபக்கம் விட வேண்டும். வாளியின் அடியில் துளை இல்லாவிட்டால் மழைநீரில் மூழ்கும். உள்ளே ஒரு குச்சி சாய்த்து வைக்காவிட்டால் எலியும் மூஞ்சூறும் விழுந்து சாகும். ஒரு காலை தாமதித்தால் காகம் முந்திக்கொள்ளும். துணிவலையைத் தாளுக்குப் பதில் கட்டினால் வளர்ந்த தேரை நிற்கும், குஞ்சு ஏறிப் போய்விடும். ஈரத்தில் குஞ்சின் வயிறு எதிலும் ஒட்டும். மேல் விளிம்பைத் தேரை வரும் பக்கமாக வளைத்துவிட்டால் அது தடுக்கும்.

நிரந்தரத் தீர்வு என்று சுரங்கப்பாதையைச் சொல்கிறார்கள். பிரிட்டனின் முதல் தேரைச் சுரங்கம் 1987-இல் ஹென்லி-ஆன்-தேம்ஸ் அருகே ஹேம்பிள்டனில் திறக்கப்பட்டது. ஆரம்பகாலக் குழாய்கள் மிகக் குறுகல். தேரை வாயில் வரை வந்து நின்றுவிடும்: உள்ளே வறட்சி, குளிர்காற்று, மறுமுனையில் வெளிச்சம் இல்லை. பின்னால் வந்த ஜெர்மன் வழிகாட்டுதல் 20 மீட்டர் நீளம் வரையுள்ள பாதைக்கே ஒரு மீட்டர் அகலமும் 75 சென்டிமீட்டர் உயரமும் கேட்கிறது. இரண்டு சுரங்கத்துக்கு இடையில் நூறு மீட்டர் விட்டால் பலிக்காது. வேலியோடு நடந்து நடந்து வழி கிடைக்காத தேரை திரும்பிவிடும், அல்லது வேலி முடியும் இடத்தில் சாலையில் ஏறும். 30 முதல் 50 மீட்டருக்கு ஒன்று வேண்டும், வேலி வாயிலை நோக்கிப் புனல்போல் சாய்ந்து வர வேண்டும், கடைசி முனை குளத்தின் எதிர்ப்பக்கமாக ‘யு’ வடிவில் மடிந்திருக்க வேண்டும்.

கட்டி முடித்த பிறகு யாருடைய பொறுப்பு என்பதில்தான் பெரும்பாலானவை தோற்கின்றன. இலை அடைத்து வாயில் மூடிப்போகும், வேலியின் மேல் புல் சாய்ந்து ஏணியாகும், புல்வெட்டும் இயந்திரம் ஒரு பலகையைப் பெயர்த்துவிட்டுப் போகும். கைப்பிடி அகலத்துக்கு ஒரு இடைவெளி விழுந்தால் போதும், அந்தப் பக்கத்துத் தேரை அத்தனையும் அதன் வழியாகவே வெளியே வரும். ஜனவரியில் ஒரு முறை, குஞ்சுகள் கிளம்புவதற்கு முன் ஜூனில் ஒரு முறை என்று வேலியை முழு நீளமும் நடந்து பார்க்கும் ஆளும் பணமும் கட்டுமான ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

மிச்சமிருப்பது நடைபாதை விளிம்பும் சாக்கடைக் குழியும். கடந்துவிட்ட தேரை செங்குத்தான விளிம்புக்கல்லில் முட்டி, ஏற முடியாமல் அதை ஒட்டியே நடந்து, மழைநீர்க் கம்பிவலையில் விழுகிறது. குழியின் சுவர் வழுக்கும், கீழே தண்ணீர், வெளியேற வழி இல்லை. சாலையில் பிணம் குறைவாக இருக்கும் கடவையில் குழிகளைத் திறந்து பார்த்தால் தேரை எங்கே போயிற்று என்று தெரியும். குழிக்கு எதிரே விளிம்புக்கல்லில் பள்ளம் செதுக்கி, தேரை வலையைச் சுற்றிக்கொண்டு போகும்படி செய்யலாம். புதிய சாலையில் அந்த வடிவிலேயே வார்த்த கற்கள் கிடைக்கின்றன. பழைய குழிக்கு, சொரசொரப்பான வலை ஒட்டிய உலோகப் பட்டை ஒன்றை அடியிலிருந்து கம்பிவலை வரை சாய்த்துப் பொருத்தினால் பிடித்து ஏறிவிடும். பட்டையின் மேல் முனை கம்பிவலையின் இடைவெளிக்கு நேராக இருக்க வேண்டும். குழியைத் தூர்வாரும் ஆட்கள் பட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்ட மறப்பது உண்டு. அதனால் மார்ச் சுற்றுக்கு முன்னும் ஜூன் சுற்றுக்கு முன்னும் குழிகளையும் எட்டிப் பார்க்கிறார்கள்.